சூடான பானட், பெயின்ட் அடித்த செல்ஃப் மோட்டார்: ரூ.20,500 போன கதை

குன்னூரில் வர்க்கி போடும் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். விடியற்காலை அஞ்சு மணிக்கெல்லாம் டீக்கடைகளுக்குச் சரக்கு போயாக வேண்டும். வண்டி 2014 மாடல் டீசல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன டிசம்பர் குளிர் ஆரம்பித்ததும் காலையில் செல்ஃப் அடித்தால் 'கர்ர்… கர்ர்…' என்று கிழவர் படியேறுகிற மாதிரி இழுத்தது. நாலஞ்சு தடவை அடித்தபின் எடுக்கும், இல்லையென்றால் அதுவும் கிடையாது. ஒரு தடவை ஓடிச் சூடாகிவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரே அடியில் எடுக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். ராத்திரி இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, காலையில் செகண்ட் கியரில் உருட்டிக் கிளட்சை விடுவது. நானும் ரெண்டு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் இஞ்சின் பிடிக்கிற வரைக்கும் பவர் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் பெடலும் கல்லாக இருக்கும். ஒருநாள் மழை ஈரத்தில் வண்டி மதில் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நின்றது. அதோடு கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். பேர் போடவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

மூன்று தடவை போனேன். முதல் தடவை, "பேட்டரி செத்துருச்சு சார்" என்றார்கள். மீட்டர் வைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. புது பேட்டரிக்கு 5,600. பழசை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதற்கு ரெண்டு வயசுதான், மூணு வருஷ வாரண்டி கார்டு டேஷ்போர்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அது எனக்கே மறந்துபோனது என் முட்டாள்தனம். அடுத்த தடவை நாலு ஹீட்டர் பிளக் (குளிரில் டீசல் பற்ற இஞ்சினுக்குள் சூடு கொடுப்பது), டீசல் ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து 6,200. மறுநாள் குன்னூரில் காலையில் அதே 'கர்ர்'.

மூணாவது தடவைதான் கொஞ்சம் கோபமாகப் பேசினேன். "காலைல வர்ற கோளாறு சார், வண்டிய நைட் இங்கேயே விடுங்க, காலைல பாத்துச் சொல்றோம்" என்றார் சூப்பர்வைசர். நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஒன்பதரைக்குப் போனேன். "செல்ஃப் மோட்டார் போயிருந்துச்சு, புதுசு மாத்தியாச்சு, 8,700 ஆச்சு. நீங்களே அடிச்சுப் பாருங்க" என்றார். அடித்தேன், பட்டென்று எடுத்தது. சந்தோஷத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, டயர் காற்றைப் பார்க்க இறங்கினவன் சும்மா பானட் மேல் கை வைத்தேன். நல்ல சூடு. இஞ்சினை ஓட்டி ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்படியென்றால் நான் வருவதற்கு முன்னாலேயே நல்லா ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "உள்ளே இருந்து எடுத்து வெளியே போட்டோம் சார்" என்றார். எனக்கும் மேலே வர அவசரம், விட்டுவிட்டேன். மறுநாள் குன்னூரில் மறுபடி கல், இறக்கம், செகண்ட் கியர்.

இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் வயரிங் வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "மெதுவா இழுத்துட்டு எடுக்கலையா, வேகமா சுத்தியும் எடுக்கலையா?" மெதுவாக என்றேன். "அப்ப ஹீட்டர் பிளக்கை ஏன் மாத்துனாங்க? உருட்டுனா உடனே பிடிக்குதுல்ல? டீசலும் வருது, ஹீட்டும் இருக்கு. வண்டியத் தொடாதீங்க, காலைல நானே வர்றேன்" என்றார்.

அஞ்சு மணிக்கு ஸ்வெட்டர், குல்லா, கையில் மீட்டரோடு வந்தார். என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பேட்டரி முனைகளில் பார்த்தார்: 11.1 வோல்ட். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டுமாம். இங்கே பேட்டரி நிமிர்ந்து நிற்கிறது, இஞ்சின்தான் சுத்தவில்லை. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். 2.1 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. எதுவும் பேசாமல் ஜம்ப் கேபிளை எடுத்து அதே ரெண்டு இடத்தையும் இணைத்தார். "இப்ப அடிங்க." பனியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி, ஒரே அடியில் எடுத்தது.

விஷயம் எர்த் பட்டை. இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு செம்புப் பின்னல் போகும். செல்ஃப் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் கரன்ட் அது வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கழற்றிக் காட்டினார்: பச்சைக் களிம்பு ஏறி, விரலால் நிமிண்டினால் பொடியாக உதிர்ந்தது. நாலஞ்சு இழைதான் மிச்சம். சூடான இஞ்சினைச் சுத்த அது போதும். ஆயில் இறுகிக் கிடக்கிற குளிர் இஞ்சினுக்குப் போதாது. புதுப் பட்டையும் கூலியும் சேர்த்து 450 ரூபாய்.

அப்புறம் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தவர், "தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டார். 'புது' செல்ஃப் மோட்டார். பளபளவென்று சில்வர் ஸ்ப்ரே. அந்த ஸ்ப்ரே போல்ட் தலைகள் மேலும், வயரின் ரப்பர் மூடி மேலும் சேர்த்து அடித்திருந்தது. போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஆணியால் சுரண்டினால் கீழே பழைய துருவும், பாதி கிழிந்த பழைய லேபிளும். கழற்றவே இல்லை, இருந்த இடத்திலேயே பெயின்ட் அடித்து 8,700 வாங்கியிருக்கிறார்கள்.

இதே கோளாறு இருக்கிறவர்கள் தயவுசெய்து வண்டி ஆறி இருக்கும்போது, உங்கள் கண்முன்னால் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் பானட்டைத் தொடுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். என்னிடம் இருப்பதில் ரெண்டு வெறும் எஸ்டிமேட் சீட்டு. செல்ஃப் மோட்டாருக்கு மட்டும், அதுவும் கம்பெனி கணக்குக்கு வேண்டும் என்று அடம்பிடித்ததால், முறையான பில் வந்தது.

அந்த பில்லையும், அடியில் எடுத்த போட்டோக்களையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அஞ்சு லட்சம் வரை கட்டணம் கிடையாது என்பதால் அடுத்து அங்கேதான். ரெண்டு நாள் முன்னால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். "4,000 தர்றோம் சார், புகாரை வாபஸ் வாங்கிருங்க." முடியாது என்று சொல்லிவிட்டேன்.