செபாங்குக்குப் போகும் கார்: ஆயில் கூலர் முதலிலா, பேஃபிள் சம்ப் முதலிலா?

சிங்கப்பூரில் நமக்கென்று நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டி மலேசியாவின் செபாங் பந்தயத் தடம் வரை அதே காரை ஓட்டிப் போய், அதிலேயே தடத்தில் சுற்றி, அதிலேயே வீடு திரும்புகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அப்படிப்பட்ட காரில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரை முதலில் போடுவதா, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்த பேஃபிள் சம்பை முதலில் போடுவதா என்பதே இந்த ஒப்பீடு. டிரெய்லரில் ஏற்றிப் போகும் முழுப் பந்தயக் காருக்குக் கணக்கு வேறு.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். ஆயில் சூடு ஏறுவது ஒரு நோய். திருப்பத்தில் ஆயில் பிரஷர் சட்டென்று விழுவது இன்னொரு நோய். சூடு ஏறினால் ஆயில் நீர்த்துப்போய் பிரஷரும் மெதுவாக இறங்கும் என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். ஆனால் நீண்ட வளைவில் பிரஷர் முள் சரிந்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் ஏறினால், அங்கே சூட்டின்மீது பழி போட முடியாது. சம்புக்குள் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுத்திருக்கிறது. இதற்கு எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் பயனில்லை.

அதனால் கூலருக்கு முன்பே வாங்கவேண்டியது சூடு, பிரஷர் இரண்டுக்கும் சென்சார், கூடவே பதிவு செய்யும் கருவி. பிரஷர் விழுவது அரை நொடிதான்; அந்த நேரத்தில் நம் கண் அடுத்த வளைவில் இருக்கும். காரோடு வரும் ஆயில் எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் பிரஷர் ஏறக்குறைய அரை பாருக்கு (சுமார் 7 பிஎஸ்ஐ) இறங்கினால்தான் அது எரியும். நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் ஓடும் எஞ்சினுக்கு அது ரொம்பத் தாமதம். ஒவ்வொரு 1000 சுழற்சிக்கும் 10 பிஎஸ்ஐ பிரஷர் வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது என்றாலும், தொடக்கத்துக்கு அது போதும்.

சரி, மலிவான வழியிலிருந்து வருவோம்: கெட்டியான ஆயில். ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். நம் ஊரில் 0டபிள்யூ, 5டபிள்யூ, 15டபிள்யூ என்ற முன் எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. அது குளிர்நாட்டுக் காலைக்கானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் விடியற்காலையிலும் 25 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். பின் எண்தான் நமக்கு முக்கியம். 50 தர ஆயில் 130 டிகிரியில் இருக்கும் கெட்டித்தனம், 30 தர ஆயில் 100 டிகிரியில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதாவது தடத்தில் 50 ஊற்றுவது, எஞ்சினை வடிவமைத்தவர் சாலைக்கு நினைத்த அதே ஆயில் படலத்தைத் திரும்பக் கொடுப்பதுதான். ஆனால் அதே ஆயிலோடு தினமும் வேலைக்குப் போனால் நிலைமை வேறு. முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ்கிறோம். பம்பின் ரிலீஃப் வால்வோ உபரி ஆயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். பேரிங்குக்குள் உராய்வும் சற்றுக் கூடும். தெருக்காருக்கு 40 தரமே என் தேர்வு. 20 தரத்துக்கு வடிவமைத்த புதிய எஞ்சின் என்றால், உற்பத்தியாளரின் கையேட்டில் என்னென்ன தரம் அனுமதித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இப்போது கூலர். காற்றில் குளிரும் வகையா, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வழியாகக் குளிரும் வகையா என்பதில்தான் பணமும் மனமும் அதிகம் செலவாகிறது.

காற்று வகையின் பலம், ஆயில் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள இடைவெளி. ஆயில் 120, வெளியே 33 என்றால் 87 டிகிரி இடைவெளி. வெளியே 15 டிகிரி இருக்கும் ஐரோப்பியத் தடத்தில் அது 105. ஆகவே அங்கே ஒருவர் எழுதிய கூலர் அளவை இங்கே அப்படியே எடுத்தால், ஆறில் ஒரு பங்கு பலம் குறையும். அதைவிடப் பெரிய இழப்பு, பொருத்தும் இடத்தில். ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டினால் வந்து சேரும் காற்றே 60 டிகிரி இருக்கலாம். 27 டிகிரி இடைவெளி ஒரே அடியில் போய்விடும். காற்று உள்ளே வர வழி விட்டால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். இதை ஒழுங்காகச் செய்த நடுத்தர அளவுக் கூலர், ஏனோதானோவென்று மாட்டிய பெரிய கூலரை வென்றுவிடும்.

கூலன்ட் வகையில் இடைவெளி 25 டிகிரிதான், ஆனால் காற்றைவிடத் திரவம் வெப்பத்தைப் பல மடங்கு நன்றாக வாங்கிக்கொள்ளும். சிறிய கருவி, குறைந்த குழாய், கல் பட்டு ஓட்டை விழும் பயம் இல்லை. காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குவதும் இதுதான். விரைவுச்சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் காருக்கு இது பெரிய நன்மை. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் வெளியேறும். பலவீனம் என்னவென்றால், அந்த வெப்பம் கடைசியில் ரேடியேட்டரில்தான் போய்ச் சேர்கிறது. செபாங்கின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளிலும் முழு வேகத்தில் போகும் டர்போ காரில், கூலன்ட் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

என் முடிவு: டர்போ இல்லாத சிறிய கார், கூலன்ட் சூடு நிதானமாக இருக்கிறது என்றால் கூலன்ட் வகை. டர்போ என்றால் காற்று வகை, அதுவும் தெர்மோஸ்டாட் பிளேட்டோடு. ஆயில் ஏறக்குறைய 80 டிகிரி தொடும்வரை பெரும்பகுதியைக் கூலருக்கு அனுப்பாமல் வைப்பது அந்தப் பிளேட்தான். அது இல்லாமல் விற்கும் மலிவு செட்டைத் தினமும் ஓட்டும் காரில் மாட்டவேண்டாம். குழாய் இணைப்புகளில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. தடத்தில் ஆயில் சிந்தினால் பின்னால் வருகிறவர் வழுக்கிப் போவார். பொருத்துவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளுக்கு ஒத்துவருமா என்று பட்டறையில் கேட்டுவிடுங்கள்.

பிரஷர் பக்கம் வந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை: பேஃபிள் சம்ப் முதலில். பக்கவாட்டு விசை 1 ஜி (காரின் எடைக்குச் சமம்) ஆனால் சம்புக்குள் ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும். பந்தய டயருக்கு நெருக்கமான செமி ஸ்லிக் டயர் அதையும் தாண்டும். செபாங்கில் ஐந்தாவது வளைவு நீண்ட இடது. ஏழும் எட்டும் சேர்ந்து நீண்ட வலது. நொடிக்கணக்கில் சாய்ந்தே நிற்கும். தடுப்புத் தகடுகளும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் ஆயிலை உறிஞ்சு குழாயைச் சுற்றிப் பிடித்து வைக்கும். பராமரிப்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. சாதாரணச் சாலை டயரில் ஓட்டுகிறவர்கள் ஆயிலை மேல் கோடுவரை நிரப்பி, பதிவைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். மேல் கோட்டுக்கு மேலே தாராளமாக ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும்.

அக்யூசம்ப் என்பது ஒரு பக்கம் அழுத்திய காற்றும் மறு பக்கம் ஆயிலும், நடுவில் பிஸ்டனும் உள்ள உருளை. பிரஷர் விழும்போது சேமித்த ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பேரிங்குக்கு ஆயில் கொடுக்கவும் உதவும். அருமையான கருவிதான். ஆனால் அது கொடுக்கும் ஆயில் சில நொடிகளில் தீர்ந்துவிடும். சம்பில் நிற்காத ஆயிலை அது நிற்க வைக்காது. வால்வு, குழாய், காற்றழுத்தம் என்று பார்த்துக்கொள்ளவேண்டியவையும் கூடுகின்றன. பேஃபிள் போட்ட பிறகும் பதிவில் சரிவு தெரிந்தால் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.

டிரை சம்ப் எல்லாவற்றையும்விடச் சிறந்தது. தனித் தொட்டி, ஆயிலை இழுத்தெடுக்கத் தனிப் பம்புகள், நுரை பிரிய நேரம். விலையும், பெல்ட்டும், தொட்டிக்கு இடமும் கேட்கும். துவாஸ் வழியாகக் குடும்பத்தோடும் போய்வரும் காருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பணத்தில் பேஃபிள், தெர்மோஸ்டாட்டோடு கூலர், சென்சார்கள் மூன்றையும் போட்டுவிட்டு, மீதியைப் புது ஆயிலுக்கு வைத்துக்கொள்ளலாம்.