எம்.எஸ். போகிறவர்களுக்குச் சரி, ஹியூமானிட்டீஸ் பிஎச்.டி.க்கு வேண்டாம்: ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சி அனுபவம்

பெயரைப் போடவில்லை. சென்னையில் இருக்கிற கன்சல்டன்சி. நான் கட்டியது 45,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எட்டு விண்ணப்பம், எஸ்ஓபி (எதற்காக இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) திருத்தம், மாக் இன்டர்வியூ சேர்ந்த பேக்கேஜ். படித்தது எம்.ஏ. வரலாறு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சகங்களைப் பற்றி அமெரிக்காவில் ஆய்வு செய்ய ஆசை.

2025 ஜூனில் சேர்ந்த அன்றே கவுன்சலர் தம்பி ஒரு எக்செல் ஷீட் கொடுத்தார். கிடைப்பது அரிதான டிரீம் சிவப்பு, முயன்றால் கிடைக்கும் டார்கெட் மஞ்சள், எளிதில் கிடைக்கும் சேஃப் பச்சை. மஞ்சளில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மொழிகள் துறை. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் பாடம் நடத்திய இடம். சிவப்பில் இல்லையே என்று மனசு குளிர்ந்துபோனது.

ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகம், கலை, ஹியூமானிட்டீஸ் (மொழி, இலக்கியம் போன்றவை) துறைகள் பலவற்றில் 2026க்கு பிஎச்.டி. மாணவர்களையே எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது. இந்தத் துறையும் அதில் அடக்கம். செப்டம்பரில் போய் ஷீட்டைத் திறந்தால் அதே மஞ்சள். சொன்னதும் தம்பி, "இல்லையே மேம், போன வருஷம் நம்ம ஸ்டூடன்ட் ஒருத்தர் அங்க டேட்டா சயின்ஸ் போனாரே" என்றார்.

அங்கேதான் சிக்கல். அவர் போனது எம்.எஸ். என்ற முதுகலைப் படிப்புக்கு. எம்.எஸ். மாணவர் ஃபீஸ் கட்டுகிறவர். பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்தால் அவருக்கு வரவேற்பு கூடத்தான் செய்யும். பிஎச்.டி. தலைகீழ். ஃபீஸையும் விட்டுக்கொடுத்து, ஐந்தாறு வருஷம் உதவித்தொகையும் தருவது பல்கலைக்கழகம். அறிவியலில் பேராசிரியர் கொண்டுவரும் ஆராய்ச்சி நிதி கொஞ்சம் தாங்கும். வரலாறு, இலக்கியத்துக்கு அந்த வசதி ரொம்பக் குறைவு. அதனால் பட்ஜெட் இடித்தால் சீட்டில்தான் கைவைப்பார்கள், நம் மார்க் என்னவாக இருந்தாலும். 2020ல் கொரோனா வந்தபோது கொலம்பியா, பென்சில்வேனியா உட்படப் பல இடங்களில் இப்படித்தான் துறைகள் ஒரு வருஷம் கதவைச் சாத்தின. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரிலேயே பத்துப் பன்னிரண்டு துறைகளில் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்தது. ஆய்வு மாணவர்கள் ஏழு மாதம் ஸ்டிரைக் செய்து உதவித்தொகையைக் குறைந்தது 45,000 டாலராக உயர்த்தி வாங்கிய அடுத்த மாதம் அது. இதெல்லாம் ஊரறிந்த செய்தி. காசு வாங்குகிறவர்கள் பார்த்துவைத்திருக்க வேண்டாமா?

அக்டோபரில் ஹார்வர்டும் அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கலை, ஹியூமானிட்டீஸ் பிஎச்.டி. இடங்களைச் சுமார் 60 சதவீதம் குறைப்பதாகச் செய்தி வந்தது. அதற்குத் தம்பியின் வைத்தியம்: "நாலு யூனிவர்சிட்டி கூடப் போடலாம் மேம், ஒண்ணுக்கு 3,500தான்." விண்ணப்பக் கட்டணம் நூறு டாலர் என்றால் நம் பணத்தில் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம். அது நம் தலையில்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எஸ்ஓபி திருத்தியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை. "சின்ன வயதிலிருந்தே புத்தகங்கள் மீது காதல்" என்ற என் முதல் வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "எந்தப் புத்தகம்?" என்று மட்டும் எழுதியிருந்தார். மூன்று நாள் யோசித்து, தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த, அட்டை போன பழைய பஞ்சாங்கத்திலிருந்து ஆரம்பித்தேன். துறைகளின் இணையதளங்களைப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். பேக்கேஜில் அவரோடு இரண்டே அமர்வு.

சிகாகோவுக்குப் பதில் வேறு துறை போட்டுத் தந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "பாலிசி இல்லை". எம்.எஸ்., எம்பிஏ என்றால் தாராளமாகப் போகலாம், வேலை சுத்தம். என்னைப் போன்றவர்கள் எஸ்ஓபி திருத்தம் மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் அந்த அம்மாவுக்கு.