பில்லில் நாலு ஸ்னோ டயர், காரில் இரண்டு

கனடாவில் பின்சக்கர இயக்கக் கார் ஓட்டும் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். நான் ஏமாந்தது 700 டாலர். அதைவிடப் பெரிதாக எதுவும் ஆகாமல் போனதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. அன்று அந்தச் சிக்னலில் குறுக்கே யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

2022 கோடையில் மிசிசாகாவில் டொயோட்டா 86 என்ற பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். 2017 மாடல், ஆறு கியர் மேனுவல். கோயம்புத்தூரில் படித்த காலத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவனுக்கு இப்படி ஒரு கார் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். "குளிர்காலத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று வீட்டில் கேட்டபோது, "டயர் மாத்திட்டா போச்சு" என்றேன். அந்த டயர் மாற்றிய கதைதான் இது.

இந்தக் காருக்கு ஆலையில் போட்டு அனுப்பியது மிஷலின் பிரைமசி என்ற கோடைக்கால டயர். 215/45 ஆர்17 அளவு, அதாவது 215 மில்லிமீட்டர் அகலம், 17 அங்குல ரிம். நான் வாங்கியபோதும் அதுதான் இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, பனி எதுவும் இல்லை, தரை காய்ந்துதான் கிடந்தது, குளிர் 2 டிகிரி. இரண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தித் திரும்பியதற்கே பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிப்பு குறையும் என்று படித்திருந்தேன். அன்று இடுப்பில் உணர்ந்தேன். ஸ்னோ டயர் என்ற பெயரால் பனி பெய்தால்தான் தேவை என்று நினைத்துவிடுகிறோம். குளிருக்கே அது வேண்டும்.

முதல் பனி விழுந்த வாரத்தில் ஊரில் எந்தக் கடையிலும் இடம் இல்லை. எல்லாருக்கும் அந்த வாரம்தான் டயர் ஞாபகம் வருகிறது, என்னையும் சேர்த்து. அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும். கடைசியில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருந்த சிறிய கடைக்குப் போனேன். உள்ளே கூரை வரை பழைய டயர் அடுக்கியிருந்தார்கள்.

கவுன்டரில் இருந்தவர் காரைப் பார்த்ததும் சொன்னது: "இது பின்சக்கரம் ஓட்டும் வண்டி. பின்னால் இரண்டு போட்டால் போதும், காசு மிச்சம்." நான் மறுத்தேன். நான்கும் வேண்டும் என்பது தெரியும். முன்சக்கரம்தான் திருப்புகிறது, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால்தான் சாய்கிறது. அவர் வாதாடவே இல்லை. "சரி, நாலும் போட்டுடலாம். ரிம்மோடு சேர்த்து 700. காசாகக் கொடுத்தால் வரி இல்லை" என்றார். 13 சதவீதம் மிச்சம். அதற்கு மயங்கியது என் தப்பு, மறைக்கப்போவதில்லை. கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'நாலு ஸ்னோ, நாலு ரிம்' என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல்.

அளவு 205/55 ஆர்16 என்றார். அது சரியான யோசனைதான். பனிக்கு ஒரு அங்குலம் சிறிய ரிம், கொஞ்சம் குறுகலான டயர் போடுவது வழக்கம். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும், குறுகலானது வெட்டிக்கொண்டு இறங்கும். சக்கரத்தின் மொத்த விட்டம் ஒரு சதவீதம்தான் மாறுகிறது, ஸ்பீடோமீட்டருக்குப் பாதகம் இல்லை. சிவிக், கொரோலா எல்லாவற்றுக்கும் போகிற அளவு என்பதால் விலையும் குறைவு. இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மாட்டி முடித்ததும் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்று கவனித்தேன். கேட்டேன். "ஸ்போர்ட்ஸ் காரில் முன்னும் பின்னும் வேறுவேறாகத்தான் இருக்கும்" என்றார். பாதி உண்மை. நிஸ்ஸான் 370 இசட் காரில் முன்னால் 225, பின்னால் 245 அகலம். ஆனால் 86 காரில் நான்கு சக்கரமும் ஒரே அளவு. அளவு வேறாக இருப்பதற்கும் டயரின் ஜாதியே வேறாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழைய சக்கரம் நான்கையும் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்சீட்டை மடித்தால் இந்தக் காருக்குள் நான்கு சக்கரம் போகும், அந்தப் பெருமை வேறு.

அப்புறம் மூன்று வாரம் கார் அருமையாக ஓடியது. ஏமாற்று எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பது அங்கேதான் இருக்கிறது. பின்சக்கரக் கார் வைத்திருப்பவனுக்குப் பனியில் ஒரே பயம், கிளம்புமா என்பதுதான். என் கார் கிளம்பியது. பனி மூடிய எங்கள் தெரு மேட்டில் பக்கத்து வீட்டு வேன் திணறும்போது நான் ஏறிப் போனேன். பின்னால் இருந்த இரண்டும் நிஜமான ஸ்னோ டயர், பிறகு ஏன் ஏறாது? முன்னால் என்ன இருக்கிறது என்பதைச் சோதிக்கும் சந்தர்ப்பமே வரவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது மட்டும்தான் குறை. போன் செய்தபோது, "ஸ்னோ டயர் அப்படித்தான் உதறும்" என்றார்கள்.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஸ்காபரோவுக்கு மளிகை வாங்கப் போனேன். இட்லி அரிசி, முருங்கைக்காய், கொஞ்சம் மீன். 401 நெடுஞ்சாலையிலிருந்து கென்னடி சாலைக்கு இறங்கும் பாதையில் பனி லேசாகப் படிந்து, மேலே வண்டிகள் ஓடி ஓடி அழுந்திப்போயிருந்தது. வேகம் நாற்பதுக்கு மேல் இருந்திருக்காது. கீழே சிக்னல் சிவப்பு. பிரேக் அழுத்தினேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்குக் கீழே கடகடவென்று அடிக்கிறது, கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பின்பக்கம் துளிகூட அசையாமல் சமர்த்தாகப் பின்தொடர்ந்து வர, மூக்கு மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கம் சுழன்றால் என்ன செய்வது என்று வீடியோ பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இது அந்தப் பாடத்திலேயே இல்லை. சிக்னலைத் தாண்டி, முன் இடது சக்கரம் நடுத்திட்டின் விளிம்பில் இடித்து நின்றது. குறுக்கே வரவேண்டியவர்கள் அந்த நேரம் வரவில்லை.

ரிம் வளைந்து காற்று இறங்கிவிட்டது. மளிகைக்கடைக்காரர் சொல்லி, பக்கத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயது இருக்கும். முன் சக்கரத்தின் பக்கவாட்டைக் கையுறையால் ஒருமுறை துடைத்தார். டார்ச் அடித்தார். பின்பக்கம் போய் அங்கேயும் துடைத்தார். திரும்பி வந்து கேட்டார்:

"தம்பி, முன்னுக்கு இருக்கிறது வின்ரர் ரயர் இல்லை. ஆர் உமக்கு இதைப் போட்டது?"

நாலும் ஸ்னோ டயர் என்று சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "காசாக் குடுத்தனீரோ?" என்றார். தலையாட்டினேன். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இவ்வளவையும் அந்தக் கடையில் குனிந்து ஐந்து நிமிடத்தில் நானே பார்த்திருக்கலாம். நிஜமான ஸ்னோ டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அழுந்திய பனியில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் இழுவை காட்டினால்தான் அதைப் பொறிக்கலாம். என் பின் டயர்களில் அது இருந்தது. முன்னால் வெறும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்துதான். சேறும் பனியும் என்று பொருள். அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை, பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம். சாதாரண ஆல் சீசன் டயர்களில் எல்லாம் இருக்கும். பள்ளம் ஆழமாக, புதிது போல இருந்ததால் நான் ஏமாந்தேன். ஸ்னோ டயரில் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகளில் பிளேடால் கீறியது போல நெளிநெளியான மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். பனியைக் கடிப்பது அந்த விளிம்புகள்தான். முன் டயரில் கட்டைக்கு ஒன்றிரண்டு கோடுதான்.

நிஜமான இரண்டும் கூட யோக்கியம் இல்லை. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். என்னுடையதில் 2213. 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஒன்பது வருஷ ரப்பர். நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. டயர்ப் பள்ளத்தின் ஆழம் 5 மில்லிமீட்டர். 4க்குக் கீழே போனால் பனிக்கு லாயக்கில்லை என்பதால் இன்னும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

நடுக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. இந்தக் காரின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு ஓட்டை உட்காரும் பகுதி, 56.1 மில்லிமீட்டர். அவர்கள் போட்ட ரிம்மின் நடு ஓட்டை 73.1. எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகச் செய்து விற்கும் ரிம் அது. இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் போட வேண்டும், சில டாலர்தான். போடவில்லை. சக்கரம் மையத்தில் உட்காராமல் வெறும் நட்டுகளை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நட்டுகளின் கதை இன்னும் மோசம். அண்ணை ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மரையோடு சேர்ந்து இரும்புத்தூள் வந்தது.

"இது கொரொல்லான்ர நட்டு. உம்மட கார் பேருக்குத்தான் ரொயோட்டா, உள்ளுக்கு முழுக்க சுபாரு."

உண்மைதான். 86 காரைத் தயாரித்தது ஜப்பானின் குன்மாவில் உள்ள சுபாரு ஆலை. கொரோலாவின் நட்டு 12க்கு 1.5 மரை, அதாவது 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைகளுக்கு இடையே 1.5 மில்லிமீட்டர். சுபாரு வழியில் வந்த இதற்கு 12க்கு 1.25. கையால் போட்டால் இரண்டாவது சுற்றிலேயே இறுகி, தப்பு என்று சொல்லிவிடும். நட்டு முறுக்கும் இம்பாக்ட் கன்னால் அடித்து ஏற்றினால் சொல்லாது, மரையைத் தின்றுவிடும். நட்டு ஏறும் ஸ்டட் போல்ட்டுகளில் மூன்றை மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் டயர் போட்ட அந்தக் கடைக்குப் போனேன். கவுன்டர்காரரிடம் முன் டயரைக் காட்டினேன். அவர் சொன்ன பதிலை ரசித்தே ஆகவேண்டும். "ஆல் சீசன் என்றால் எல்லாப் பருவமும். குளிர்காலமும் ஒரு பருவம்தானே?" நட்டு பற்றிக் கேட்டதற்கு, நான் வேறெங்கோ கழற்றி மாட்டியிருப்பேன் என்றார். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யாக விவரித்து விற்றால் ஒரு வருடத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இதைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்தச் சீட்டில் 'ஸ்னோ' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது உதவியது. கடைப் பெயரும் வரி எண்ணும் இல்லாதது உதவவில்லை. மூன்று முறை அலைந்து 300 டாலர் திரும்ப வந்தது. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். வரியில் மிச்சம் பிடித்தது 91 டாலர்.

இன்னொரு வேலையும் இருந்தது. ஸ்னோ டயர் போட்டால் தள்ளுபடி தரவேண்டும் என்று 2016இலிருந்து ஒன்ராறியோவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விதி. நான் அந்தச் சீட்டை நம்பி, நான்கும் ஸ்னோ டயர் என்று சொல்லித் தள்ளுபடி வாங்கியிருந்தேன். பெரிய விபத்தாகி அவர்கள் வந்து டயரைப் பார்த்திருந்தால் பொய் சொன்னவன் நான்தான். போன் செய்து விஷயத்தைச் சொல்லித் திருத்திக்கொண்டேன். மொன்றியலில் இருக்கும் நண்பன் கேட்டுவிட்டுச் சிரித்தான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கிலும் அந்த மலைக்குறி இருப்பது கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம். அதனால் அங்கே சாதாரண ஆட்களுக்கே அந்தக் குறி தெரிகிறதாம். எங்கள் மாகாணத்தின் தென்பகுதியில் யாரும் கேட்பதில்லை.

புது செட் வாங்க அந்த அண்ணையிடமே போனேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மிஷலின் பைலட் ஆல்பின் மாதிரி வேகத்துக்கான குளிர்கால டயரைச் சில கடைகள் தள்ளிவிடும். காய்ந்த குளிர்ச் சாலையில் அது நன்றாகத்தான் திரும்பும். ஐஸ்தான் உங்கள் கவலை என்றால் எக்ஸ்-ஐஸ், பிளிஸாக் வகைதான் சரி. திருப்பத்தில் கொஞ்சம் குழைந்த மாதிரி இருக்கும், டிசம்பரில் அது பரவாயில்லை. வேகக் குறியீடு ஆலை டயரைவிடக் குறைவாக இருக்கும். டி என்றால் 190 கிலோமீட்டர் வரை. பனியில் 190இல் போகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பிளிஸாக் நான்கு எடுத்தேன். வளையம், சரியான நட்டு, முறையான பில், அதில் டயரின் முழுப் பெயரும் அளவும். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து முறுக்கினார். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப வரச்சொல்லி மறுபடி ஒருமுறை பார்த்தார்.

மாட்டுவதற்கு முன்னால் நான்கு டயரையும் சுவரில் சாய்த்து வைத்து, "பாரும் தம்பி, வடிவாப் பாரும்" என்றார். முட்டி போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். நான்கிலும் மலை இருந்தது. வார எண் மூன்றில் 3122, ஒன்றில் 2922. அந்த ஒன்றைக் காட்டி ஏன் வேறு என்று கேட்டேன். அண்ணை சிரித்துவிட்டார்.