மீடியம் ஃபார்மட்டா, ஃபுல் ஃபிரேமா? இரண்டையும் சில வருடம் வைத்திருந்து பார்த்ததில்

ஃபுல் ஃபிரேமிலிருந்து (படம் பதிவாகும் சென்சார் 36×24 மி.மீ.) அதைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட்டுக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எடுப்பது அசையுமா, அசையாதா? மெகாபிக்சல், 16 பிட் (நிறத்தைப் பதிவு செய்யும் நுணுக்கம்), "அந்த லுக்" எல்லாம் அதற்கு அப்புறம். மீடியம் ஃபார்மட்டில் ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், ஃபுல் ஃபிரேமில் சோனி ஏ7ஆர் 4 இரண்டையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்றை விற்றுவிடலாம் என்று அவ்வப்போது தோன்றும், எதை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

சென்சார் அளவைப் பற்றிப் பலருக்கும் கொஞ்சம் மிகையான எண்ணம் இருக்கிறது. ஃபிலிம் காலத்து மீடியம் ஃபார்மட்டான 645 ஃபிரேமே 56×41.5 மி.மீ. இருந்தது. ஜிஎஃப்எக்ஸிலும் ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையிலும் இருப்பது 43.8×32.9 மி.மீ. இது 36×24ஐ விடப் பரப்பளவில் 1.67 மடங்கு, அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சாரான ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு வரும்போது கிடைக்கும் தாவல் இதைவிடப் பெரியது. இன்னொன்று, என் இரண்டு கேமராவிலும் பிக்சலின் அளவு ஒன்றே, 3.76 மைக்ரான். அதனால் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து "இதில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) குறைவு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பிக்சல் ஒன்றுக்குக் கிடைப்பது ஒரே மாதிரிதான், மீடியம் ஃபார்மட்டில் அந்தப் பிக்சல்கள் அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பது நீங்கள் எந்த வடிவத்தில் கிராப் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிஎஃப்எக்ஸ் தருவது 4:3, 11648×8736. சோனி தருவது 3:2, 9504×6336. நீளவாக்கில் அகலமான படங்களாகவே எடுப்பவர் 102 மெகாபிக்சலை 3:2 ஆக வெட்டினால் நீளப் பக்கத்தில் கிடைக்கும் கூடுதல் 22 சதவீதம்தான், பிரிண்ட்டில் அதைக் கண்டுபிடிக்க மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நிற்கும் வாக்கில் ஆட்களை எடுப்பவர்கள், 4:3 வடிவத்தை விரும்புபவர்கள் கதை வேறு, ஏனென்றால் 61 மெகாபிக்சலை அப்படி வெட்டினால் 53 சொச்சம்தான் மிஞ்சும், இந்தப் பக்கம் 102 முழுசாக இருக்கும். நான் போர்ட்ரெய்ட்டுக்கு ஜிஎஃப்எக்ஸை எடுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வெளிச்சக் கணக்கு கொஞ்சம் சூட்சுமமானது. பெரிய சென்சார் அதிக வெளிச்சம் வாங்கும், சரி, சுமார் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஆனால் அதே டெப்த் ஆஃப் ஃபீல்டு (முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம்) வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேமில் லென்ஸ் துளையை எஃப்/8 வைத்த இடத்தில் இங்கே இன்னும் சின்னதாக எஃப்/10 வைக்க வேண்டும், ஷட்டர் வேகத்தையும் குறைக்க முடியாத நிலையில் ஐஎஸ்ஓவைத்தான் (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஏற்றுவீர்கள், வந்த லாபம் வந்த வழியே போய்விடும். ட்ரைபாட்டில் வைத்து, குறைந்தபட்ச ஐஎஸ்ஓவில், ஷட்டரை நீட்ட முடிந்தால் மட்டுமே அந்த முக்கால் ஸ்டாப் நிஜமாகக் கைக்கு வரும். நிக்கானின் ஃபுல் ஃபிரேம் கேமராக்களான இசட்7 2, இசட்8 போன்றவற்றில் ஐஎஸ்ஓ 64 இருக்கிறது, ஐஎஸ்ஓ 100 வைத்த மீடியம் ஃபார்மட்டுக்கு அது ஏறத்தாழப் பக்கத்தில் வந்துவிடும். லேண்ட்ஸ்கேப்காரர்கள் இதை யோசித்துவிட்டுச் செலவு செய்வது நல்லது.

"மீடியம் ஃபார்மட் லுக்" என்று ஒன்று இருக்கிறதா? ஜிஎஃப்எக்ஸுக்கான ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ., எஃப்/1.6. 85 எஃப்/1.4 லென்ஸை எஃப்/1.6இல் வைத்து, அதே ஆள், அதே ஜன்னல் வெளிச்சம், அதே தூரம் என்று எடுத்துச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு நண்பர்களிடம் காட்டினேன், சரியாகச் சொன்னவர்களும் குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். பின்னணி மங்கலுக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் வேண்டாம், 85 எஃப்/1.2 அதைத் தாண்டிவிடும்.

ஆனால் பெரிய பிரிண்ட்டில் வேறு ஒன்று நடக்கிறது. ஒரு பெரியவரின் முகத்தை எடுத்திருந்தேன். கன்னத்தில் இரண்டு நாள் வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடியின் காம்பு அழுத்திய தடம், சட்டைக் காலரில் நைந்து பிரிந்த நூல். சோனி ஃபைலிலும் இவை எல்லாம் இருந்தன. ஜிஎஃப்எக்ஸ் ஃபைலில் அந்த நூல் முறுக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நிழல் பக்கத்தை நான்கு ஸ்டாப் தூக்கியும் தோலின் நிறம் சாம்பலாகவில்லை. 16 பிட்டால்தான் இது என்று நினைத்து ரொம்ப நாள் அதையே வைத்திருந்தேன், 14 பிட்டில் எடுத்து ஒப்பிட்டதில் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை, அப்புறம் 16 பக்கம் போகவில்லை.

அசையும் பொருள் என்று வந்தால் சோனிதான், யோசிக்கவே வேண்டாம். ஓடுகிற குழந்தை, மேடை, பறவை எல்லாம் அதற்கே. ஜிஎஃப்எக்ஸின் இவ்வளவு பெரிய சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும், அதனால் எலக்ட்ரானிக் ஷட்டரில் நடந்து போகிற ஆள்கூடச் சாய்ந்து தெரிவார், சில எல்இடி விளக்குகளின் கீழ் பட்டை பட்டையாக விழும். நான் அதில் மெக்கானிக்கல் ஷட்டரைத் தவிர எதையும் தொடுவதில்லை. ஃபிளாஷ் சிங்க்கும் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) ஜிஎஃப்எக்ஸில் 1/125 நொடிதான், சோனியில் 1/250. பகல் வெயிலில் ஃபிளாஷ் போட்டு வேலை செய்பவர்களுக்கு லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்கள்தான் வழி, புதியவற்றில் 1/4000 வரை போகலாம்.

வாங்கும்போது யாரும் சொல்லாத செலவு கம்ப்யூட்டரில் வரும். ஜிஎஃப்எக்ஸின் சுருக்காத ரா ஃபைல் (சென்சார் பதிவு செய்த மூலத் தரவு) ஒன்று 200 எம்பியைத் தாண்டும். கார்டு, ஹார்டு டிஸ்க், பேக்கப், மெமரி எல்லாம் கூடவே வளரும், பனோரமா ஒட்ட ஆரம்பித்தால் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம். ராவை லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டில் (இழப்பில்லாச் சுருக்கம்) வைத்துக்கொள்ளுங்கள், தரத்தில் எதுவும் போகாது. எடை கேமரா பாடியில் இல்லை, 900 கிராம் ஒரு பெரிய விஷயமும் இல்லை, லென்ஸ்களைச் சேர்த்து முதுகில் போட்டு மலை ஏறும்போதுதான் தெரியும்.

கட்டிடம், ஓவியங்களின் நகல், அசையாத பொருட்கள், நிதானமான போர்ட்ரெய்ட், பெரிய பிரிண்ட் என்று வேலை செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வேறு எல்லாவற்றையும் ஒரே கேமராவில் முடிக்க நினைப்பவர்கள் ஃபுல் ஃபிரேமிலேயே இருங்கள், அந்தப் பணம் லென்ஸுக்குப் போகட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று செகண்ட் ஹேண்டில் 50 மெகாபிக்சல் பாடிகளைத் தேடுபவர்களுக்கு ஒன்று: ஜிஎஃப்எக்ஸ் 50எஸ், 50ஆர், 50எஸ் 2, ஹாசல்பிளாட் எக்ஸ்1டி எல்லாமே முன்னும் பின்னும் தேடி ஃபோகஸ் பிடிக்கும் கான்ட்ராஸ்ட் ஆட்டோஃபோகஸ் மட்டும்தான், வேகமான ஃபேஸ் டிடெக்ஷன் கிடையாது. படத் தரம் இன்றும் அருமை, ஆனால் மங்கலான அறையில் நீங்கள் வாங்கப் போகும் லென்ஸையே மாட்டி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.