மாயவரம் எந்த மாவட்டம்?

நான் இருக்கும் இங்கிலாந்தின் எசெக்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், செல்ம்ஸ்ஃபோர்டில் உள்ள எசெக்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு நாலு சனிக்கிழமை போய், தன் வீட்டில் நூறு வருடம் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். 1938இல் தொடங்கிய கவுன்ட்டி ஆவணக் காப்பகம் அது. எனக்குப் பொறாமை. மாயவரம் (இப்போதைய மயிலாடுதுறை) பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் "ராஜா கொடுத்தது" என்று மாமா சொல்லும் ஒரே வரிதான். இந்த முறை ஊருக்குப் போனபோது அதைத் தேடிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதல் இரண்டு நாள் வீண். ஊர்ப்பக்கம் ஓர் அலுவலகத்தில் "பழைய ரெக்கார்டா? எதுக்கு, கேஸா?" என்று கேட்டார்கள். கேஸ் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றதும் சந்தேகம் கூடிவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் அதே பதில்.

சரி, சென்னைக்கே போவோம் என்று எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாகத் தொடங்கியது; சிவப்புக் கட்டடம். பதினேழாம் நூற்றாண்டின் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணங்கள் முதல் டச்சுக்காரர்கள் விட்டுப்போன காகிதங்கள் வரை உள்ளே இருக்கின்றன. விண்ணப்பத்தில் மாவட்டம் என்ற இடத்தில் மயிலாடுதுறை என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், அங்கே பல வருடமாக வந்துபோகிறவர் போல, எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, அந்தக் காலத்துல அப்படி ஒரு மாவட்டம் ஏது? தஞ்சாவூர்னு போடுங்க. மாயவரம் தாலுக்கா."

உண்மைதான். மயிலாடுதுறை மாவட்டம் 2020இல் வந்தது. அதற்கு முன் நாகப்பட்டினம்; அதுவே 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, முகவரிதான் மாறிக்கொண்டே போகிறது. பழைய ஆவணம் தேடுகிறவர்கள் அந்தக் காலத்து மாவட்டத்தையும் தாலுக்காவையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தரங்கம்பாடி பக்கத்து ஊர் என்றால் இன்னும் ஒரு சிக்கல்: 1845 வரை அது டேனிஷ்காரர்களிடம் இருந்தது.

தேடும் வழியையும் அந்தப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். இணையத்தில் கிடைக்கும் 'அ' பதிவேட்டில், அதாவது ஊர் நிலங்களின் பதிவேட்டில், இப்போதைய புல எண்ணோடு (சர்வே நம்பர்) பழைய புல எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. பழைய எண்ணை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து நிலவரிப் பதிவேடான செட்டில்மென்ட் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். இனாம் நிலமாக, அதாவது மானியமாக வந்த நிலமாக இருந்தால் அங்கே ஒரு டி.டி. எண் (டைட்டில் டீட், உரிமைப் பத்திர எண்) இருக்கும். அந்த எண்ணோடு போனால் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் உரிய பதிவு அகப்படும். 1858இல் அமைத்த இனாம் கமிஷன், யாருக்கு எந்த நிலம் எதற்காக மானியமாக வந்தது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடு அது. நிலத் தகராறு உள்ளவர்கள் நகலுக்காக அலைவதும் பெரும்பாலும் இதற்குத்தான். ஊர்ச் சரித்திரம் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சுரங்கம் கிடையாது: மானியம் கொடுத்தவர், வாங்கியவர், அன்றைக்கு அனுபவித்தவரின் பெயர், வயது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம்.

நான் அந்தப் பழைய எண்ணைக் கொண்டுபோகவில்லை. முட்டாள்தனம், எசெக்ஸில் உட்கார்ந்தபடியே எடுத்திருக்கலாம். மாமாவுக்கு போன் போட்டு, அவர் பட்டாவைத் தேடி, இன்னொரு நாள் போனது. பதிவேடு கைக்கு வந்தபோது ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஆங்கிலக் கையெழுத்தில் நம் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்தால்தான் புரிகிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அனுமதி பற்றி முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. விடுமுறையில் மூன்று முழு நாளாவது இதற்கென்று ஒதுக்குங்கள்.

எங்கள் பதிவில் கொள்ளுத் தாத்தாவின் அப்பா பெயர் இருந்தது. வயது 42. கொடுத்தவர் யார் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை'. எதற்காக என்ற கட்டத்தில் தண்ணீர்ப்பந்தல் தர்மம்.

அன்று ராத்திரி மாமாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ வழிப்போக்கனுக்கு மோர் ஊத்தினவங்களாடா நாம?"