வில்பத்து: யாழ்ப்பாணத்திலிருந்து சிறுத்தை பார்க்கப் போகிறவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அரைநாள் ஜீப் ஓட்டத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வில்பத்துக்குப் போய்வருவது வீண் செலவு. அனுராதபுரத்திலோ நொச்சியாகமவிலோ ஓரிரவு தங்கி, காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே நுழைந்து, பொழுதுசாயும்வரை உள்ளே நிற்கக்கூடியவர்களுக்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல காடு இல்லை. தெற்கே உள்ள யால தேசியப் பூங்காவில் சிறுத்தை கண்ணில் படும் வாய்ப்புக் கூட என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு சிறுத்தைக்கு முப்பது ஜீப் முண்டியடிக்கும். வடக்கிலிருந்து தூரமும் இரண்டு மடங்கு.

வில்பத்து 1,317 சதுர கிலோமீற்றர். இலங்கையின் மிகப்பெரிய தேசியப் பூங்கா, 1938இல் பிரகடனமானது. போரால் 1980களில் மூடப்பட்டு, 2003இல் திறந்து, திரும்ப மூடி, 2010இலிருந்துதான் தொடர்ந்து நடக்கிறது. இந்தக் காட்டை வாழவைப்பவை வில்லுகள்: மாரிமழையில் நிரம்பும், ஆழம் குறைந்த இயற்கை நீர்நிலைகள். மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்றச் சுற்றிவர மணலும் புல்லும் வெளிக்கும். புல்லுக்குப் புள்ளிமான் வரும், மானுக்குச் சிறுத்தை வரும். பற்றைக்குள் பத்து யார் தள்ளிக் கிடக்கும் சிறுத்தையைக்கூட வாகனத்திலிருந்து காணமுடியாது. வில்லுக்கரையும் செம்மண் பாதையும்தான் அதைப் பார்க்கும் இடங்கள்.

இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவுக்கே உரிய உபஇனம். புலியும் சிங்கமும் இல்லாத காட்டில் அதற்கு மேலே வேறு வேட்டைமிருகம் கிடையாது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் செம்பட்டியலில் 2020இல் அதன் ஆபத்து நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. அதற்காக ஆறுதலடைய முடியாது. காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்கென்று கட்டும் கம்பிக் கண்ணியில் இன்றும் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன.

உங்கள் காசுக்குப் பலன் கிடைப்பதும் கிடைக்காததும் சாரதியின் கையில். நல்ல சாரதி குறைய ஓடுவார், கூட நிற்பார். விடிய முதல் ஓட்டத்தில் பாதை மணலைப் பார்த்தபடி போவார். நாயின் தடத்தில் நகம் பதியும், சிறுத்தையின் தடத்தில் பதியாது. தடம் நேற்றைய டயர் அடையாளத்தின் மேல் விழுந்திருந்தால் அது இரவு போனது. இன்று காலை முன்னால் போன ஜீப்பின் அடையாளத்தின் மேலேயே விழுந்திருந்தால் எஞ்சினை நிறுத்திக் காதைக் கொடுக்கவேண்டிய நேரம். மான் ஒருமுறை கூவினால் பெரிதாக எடுக்கத் தேவையில்லை, ஜீப்பைக் கண்டும் கூவும். ஒரே இடத்திலிருந்து விட்டு விட்டுக் கூவி, மரத்து மந்தியும் ஒரே திசையைப் பார்த்து இருமத் தொடங்கினால் இருபது நிமிடமாவது அசையக்கூடாது. கூடாத சாரதி செய்வது இதற்கு நேர்மாறு: கைபேசியில் தகவல் வந்ததும் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பார், போய்ச் சேரும்போது மிருகம் பற்றைக்குள் போய்விடும், வழியில் கிடந்ததெல்லாம் தவறியும்விடும். ஏறுமுன்பே "ஓடவேண்டாம், நின்று பார்ப்போம்" என்று பேசிக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாரதிகளுக்குச் சிங்களம்தான் வரும். மொழி தெரிந்த ஒருவரை முன் ஆசனத்தில் இருத்துவது நல்லது. முதுகுவலிக்காரருக்கும் அந்த ஆசனம்தான் பொருந்தும் என்பதால் வீட்டுக்குள் சின்னச் சண்டை வரலாம்.

ஜீப்பில் ஆறு பேர் ஏறலாம், படம் எடுப்பவர்கள் நான்கு பேரோடு நிறுத்தவேண்டும். கமெரா முக்காலி உதவாது, அரிசி நிரப்பிய துணிப்பையை ஜீப் கம்பியில் வைத்து, எஞ்சின் நின்றபின் எடுத்தால் படம் ஆடாது. செம்புழுதி எதற்குள்ளும் புகும், வெள்ளை உடுப்பு வேண்டாம்.

காலம்: மே முதல் செப்டெம்பர் வரை திறம். நம் சந்தைக்குப் பாலைப்பழம் வரும் நாட்களில் அங்கே கரடிகளும் பாலை மரத்தில் ஏறும். கரடி ஆசை உள்ளவர்கள் அதைக் கணக்கில் எடுக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகளைக் கூட்டிப்போகவும் வெயில்காலம் ஒத்துவரும். மார்கழி விடுமுறையில் எங்கும் தண்ணீர் கிடப்பதால் மிருகங்கள் சிதறிவிடும், சில பாதைகள் சேறாகும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பலமடங்கு. பெயரும் முகமும் தமிழாக இருப்பது கணக்கில்லை. இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுபோகவேண்டும். ஆள் கட்டணத்தோடு வாகனக் கட்டணமும் வரியும் சேரும், ஜீப் வாடகை வேறு. ஆகவே பேரம் பேசும்போது "எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிவரை" என்று கேளுங்கள். முழுநாள் என்று பேசிவிட்டு மூன்று மணிக்கே வாசலுக்குத் திருப்புகிறவர்கள் உண்டு.

பாதை: வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பிறகு புத்தளம் றோட்டில் நொச்சியாகம தாண்டித் திம்பிரிவெவ சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் ஹுனுவிலகம வாசல். அனுராதபுரம்வரை ரயிலிலும் போகலாம். ஹயேஸ் வானில் போனாலும் அதை வெளியே விட்டு ஜீப்தான் எடுக்கவேண்டும், மணலில் வான் புதையும். மன்னார், சிலாவத்துறை, எலுவன்குளம் வழி வரைபடத்தில் கிட்ட என்று காட்டும். நம்பிப் போகாதீர்கள்: காட்டு மண்பாதை, கலா ஓயா ஆறு பெருகினால் எலுவன்குளத்துத் தாழ்வான சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள்.

உள்ளே கடை இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோகவேண்டும். பொலித்தீனுக்குத் தடை, வாழையிலைப் பொதி உத்தமம். கும்புக் வில போன்ற அனுமதித்த இடங்களில் மட்டுமே இறங்கலாம். கழிப்பறை வசதிக்குக் குறைந்த புள்ளிதான் கொடுக்கமுடியும். உள்ளே இரவு தங்க விரும்பினால் பணிக்கர் வில்லு போன்ற இடங்களில் வனஜீவராசிகள் திணைக்கள விடுதிகள் உண்டு. முன்கூட்டியே திணைக்களத்தில் பதியவேண்டும், சமையல் சாமான் நாங்களே கொண்டுபோகவேண்டும்.

அல்லி அரசாணி கதையின் குதிரைமலையையும் பொம்பரிப்பில் பழங்காலத்து ஈமத்தாழிகள் (இறந்தவர்களைப் புதைத்த பானைகள்) கிடைத்த இடத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். இரண்டும் மேற்கே கரைப்பக்கம். ஹுனுவிலகம வாசலிலிருந்து போய்த் திரும்பப் பகலின் பெரும்பகுதி போய்விடும், வில்லுக்கரையில் காத்திருக்க நேரம் மிஞ்சாது. அவற்றுக்கு இரண்டாம் நாள் ஒதுக்குங்கள்.