ஊசி 70 காட்டியது, லாரி கூடவே வந்தது

பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரை நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், பட்டறைக்காரர் அழைத்துப்போகும் சோதனை ஓட்டத்தை நம்பிப் பணம் கொடுத்துவிட வேண்டாம். நான் கொடுத்தேன். 950 பவுண்டு.

என் வண்டி 1978ஆம் ஆண்டு மார்க் 2 (இரண்டாம் தலைமுறை), இரண்டு கதவு. 2 லிட்டர் பின்டோ இன்ஜின், ஃபோர்டு சியரா காரிலிருந்து எடுத்த டைப் 9 ஐந்து கியர் பெட்டி, 13 அங்குலச் சக்கரம். வீடு இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில். மாதம் இருமுறை எம்1 நெடுஞ்சாலையில் லீட்ஸ் வரை போய்வர வேண்டும். 70 மைல் வேகத்தில் இன்ஜின் கத்தாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு போக வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

கணக்கு எனக்குத் தெரியும். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. 185/60 டயரின் சுற்றளவு சுமார் 1.73 மீட்டர். 70 மைலில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,080 முறை சுற்றும். அதைப் பின் ஆக்சில் விகிதத்தாலும் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) ஐந்தாவது கியரின் விகிதமான 0.82ஆலும் பெருக்கினால் இன்ஜின் வேகம். 3.54 ஆக்சில் என்றால் 3,140 சுற்று. எஸ்கார்ட்டின் வேகமான வகையான ஆர்எஸ்2000 வண்டியில் ஃபோர்டே வைத்த விகிதம் அது. நார்தாம்ப்டன் பக்கத்துப் பட்டறை ஒன்றில் 'அசல் 3.54 இருக்கிறது' என்றார்கள். ஆக்சிலை மாற்ற வண்டியை விட்டேன்.

வேலை முடிந்ததும் உரிமையாளரே ஓட்டிக் காட்டினார். மனைவி பின் இருக்கையில். ஐந்தாவது கியர், வேகமானி ஊசி 70இல், ஆர்பிஎம் மீட்டர் 3,100ஐத் தாண்டி ஒரு மயிரிழை. நான் காகிதத்தில் போட்ட கணக்கு கண்ணெதிரே நின்றது. கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கலாமா என்றதற்கு, அது மேட்டிலும் மரத்தடியிலும் தடுமாறும் என்று சொல்லிவிட்டார். அப்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்த லாரி ஏன் நம்மை விடவே மாட்டேன் என்கிறது?" இடப்பக்கம் ஒரு பெரிய பால் லாரி. பத்து நிமிடமாக அதன் பின் சக்கரம் என் ஜன்னலுக்கு நேராகவே உருண்டுகொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

இங்கே அந்த அளவு லாரிகளுக்கு 56 மைலில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருக்கும். சரிவில்லாத சாலையில் 70இல் போகும் காரோடு அது ஒட்டிக்கொண்டு வரவே முடியாது. கேள்வி கேட்டவள் என் மனைவி. இன்ஜினியரிங் படித்தவன் நான்.

விஷயம் இதுதான். இந்த வண்டியில் வேகமானிக் கேபிள் கியர் பெட்டியின் வாலிலிருந்து கிளம்புகிறது. ஆக்சில் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆக்சிலுக்குள் எந்த விகிதம் இருந்தாலும், ஐந்தாவது கியரில் ஊசி 70 காட்டும்போது இன்ஜின் 3,140இல்தான் சுற்றும். வேகமானிக் கேபிளைச் சுற்றும் பல்சக்கரத்தை 3.54க்கு ஏற்றபடி பூட்டிவிட்டால் போதும். சாலையில் உண்மையில் எவ்வளவு வேகம் போகிறோம் என்பதை அந்த இரண்டு ஊசிகளும் சேர்ந்து மறைத்துவிடும்.

சந்தேகம் வர எனக்கு ஆறு வாரம் ஆனது. முதல் கியர் 25 மைலைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கியது. டைப் 9இன் முதல் கியரே அப்படித்தான் என்று எல்லோரும் சொல்வதால் விட்டுவிட்டேன். லீட்ஸ் போக அரை மணி நேரத்துக்குமேல் கூடுதலாக ஆனது. நெரிசல் என்று நினைத்தேன். கடைசியில் மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாலையோரம் 100 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் அடையாளக் கம்பங்களை எண்ணச் சொன்னேன். ஊசி 70இல் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 32 வினாடி ஆக வேண்டும். 40 ஆனது. மூன்று முறையும் 40. அதாவது 56 மைல். பால் லாரியின் வேகம்.

வீட்டில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு. தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். (சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் இது பொருந்தும்.) மூன்றரையில் நிற்க வேண்டிய கோடு நான்கையும் தாண்டி, கிட்டத்தட்ட அரைச் சுற்று மேலே போய் நின்றது. கழற்றிப் பார்த்தால் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலில் 40 பல், அதைச் சுற்றும் சிறிய பினியனில் 9. 4.44!

காட்டுப் பாதை ரேலிக்காரர்கள் தேடி வாங்கும் விகிதம் அது. 1972 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்ஏசி ரேலியை வருடந்தவறாமல் வென்ற வண்டி எஸ்கார்ட். சேற்றில் சட்டென்று சீற அது அருமையான பல். எம்1இல் உண்மையான 70க்கு 3,940 சுற்று வேண்டும். இந்த ஆக்சிலோடு என் ஐந்தாவது கியர், 3.54 ஆக்சிலின் நான்காவது கியரைவிடக் குட்டை, அதாவது அதே வேகத்துக்கு இன்ஜின் இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். ஐந்து கியர் பெட்டிக்குச் செலவழித்ததும் வீண்.

உரிமையாளர் முதலில் டயரைக் குறை சொன்னார், பிறகு கேபிளை, கடைசியில் தனக்கு ஆக்சில் விற்றவரை. அவர் பட்டறை முற்றத்தில் நின்ற மூன்று ரேலி வண்டிகளைப் பற்றி நான் கேட்டேன், பதில் இல்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன பொருளாக இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாம். அதைத் தாண்டிவிட்டதால் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. 3.89 போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நான்கு கடிதங்களுக்குப் பிறகு 500 பவுண்டு திரும்பி வந்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு கொடுத்த வங்கியிடமும் போயிருக்கலாம். நான் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பியிருந்தேன்.

இரண்டாவது ஆக்சிலை டார்பியில் ஒரு முதியவரிடம் வாங்கினேன். அவருடைய கராஜ் தரையில் வைத்து, வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பல்லில் புள்ளி வைத்து எண்ணத் தொடங்கினேன். 39க்கு 11, அதாவது 3.54. நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் முறையும் எண்ணினேன். அவர் கொண்டுவந்து வைத்த தேநீர் அதற்குள் ஆறிவிட்டது.